எடைக்குப் போட்ட சரித்திரம்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய நண்பர் ஒருவர் தம் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். அப்புறம் அவர் பட்டம் வாங்கி, உத்தியோகம் தேடி, வீடும் கட்டிவிட்டார். நான் அந்த இரண்டு வருஷத்தோடு கல்லூரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதை எழுத வந்தேன். ஆகையால் மேற்படிப்பைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

"நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லப்பா" என்றார் நண்பர், காபித் தம்ளரைக் கீழே வைக்காமலே. "சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டான். பரீட்சை எழுதி ஏதாவது வேலைக்குப் போவான் என்று பார்த்தால், துருக்கி பாஷை படிக்கப் போகிறானாம். அதுவும் ஐந்து வருஷம்! துருக்கி பாஷை படித்தவனுக்கு இந்த ஊரில் யார் சோறு போடுவார்கள்?"

பையன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு பாஷைக்கு எதற்கடா அத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"துருக்கி பாஷையை இரண்டு தடவை படிக்க வேண்டும், மாமா. முதலில் இன்றைக்கு அந்த ஊரில் பேசி எழுதுகிற பாஷை. அது முடிந்த பிறகு அவர்களுடைய தாத்தாக்கள் எழுதின பாஷை. அதற்கு எழுத்தே வேறு. அதைப் படிக்க அரபும் பாரசீகமும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்."

"ஏன், அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தாத்தா எழுதினது தெரியாதா?"

"தெரியாது, மாமா. அவர்களும் என்னைப் போலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துதான் படிக்க வேண்டும்."

எனக்கு நான் சொல்ல வந்த புத்திமதியெல்லாம் மறந்துபோயிற்று. "இரண்டு மாதம் கழித்து வா, சொல்லுகிறேன்" என்று நண்பரைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு, பையனிடமிருந்த புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று தொடங்கிய வாசிப்பு மார்கழி வரையில் என்னை விடவில்லை.

துருக்கி நமக்கு அவ்வளவு தூரத்து தேசம் அல்ல. 1919-லிருந்து சில வருஷங்கள் நம் நாட்டில் கிலாபத் இயக்கம் நடந்தது. துருக்கி சுல்தான்தான் முஸ்லிம்களின் கலீபா. அவருக்கு வெள்ளைக்காரர்கள் அநீதி செய்கிறார்கள் என்பதற்காக இந்த மண்ணில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து சிறை சென்றார்கள். அந்தக் கலீபா பதவியையே 1924 மார்ச்சு 3-ந் தேதி எடுத்தெறிந்தவர் துருக்கியின் தலைவர் முஸ்தபா கமால் பாஷா என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். வார்த்தைகளிலும் உறவு உண்டு. 'உருது' என்பது படை முகாமைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர். 'பேகம்' துருக்கிக்காரர்கள் கொடுத்தது. நாம் 'வக்கீல்' என்பதை அவர்கள் 'வெகீல்' என்பார்கள். நாம் கோர்ட்டில் 'ஆஜர்' ஆகிறோம், அவர்கள் 'ஹாஸிர்' என்று சொல்லித் தயாராக நிற்பார்கள். இந்த இரண்டும் அரபியிலிருந்து இரு வீட்டாரும் கடன் வாங்கியவை.

இலக்கணத்தைப் பார்த்தால் நமக்குப் பழகின வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருக்கிறது. 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெர்தெ' என்றால் வீடுகளில். ஒன்றன்பின் ஒன்றாக விகுதியைக் கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான். வினைச்சொல்லும் நம் வினைமுற்றைப் போல வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் பாதிரியார், தமிழுக்குத் தூரத்துச் சொந்தம் தேடப் போய், துருக்கியும் அடங்கிய மொழிக் கூட்டத்தின் வாசலில் நின்றார். அந்தச் சொந்தத்தை இன்றைய அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவர் ஏன் அங்கே போய் நின்றார் என்பது 'எவ்லெர்தெ'யைப் பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது.

இவ்வளவு எளிய பாஷைக்கு இரண்டு படிப்பு எப்படி வந்தது? அதுதான் கதை.

துருக்கியர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பிறகு, ஏறக்குறைய ஆயிரம் வருஷம் அரபு எழுத்தில் தங்கள் பாஷையை எழுதினார்கள். ஆட்டோமன் சாம்ராஜ்யம் மூன்று கண்டங்களில் பரவியபோது, அரண்மனையிலும் கச்சேரியிலும் ஒரு தனி நடை வளர்ந்தது. வினைச்சொல்லும் விகுதியும் துருக்கி. பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அரபு. அவற்றைச் சேர்த்துக் கட்டும் நூல் பாரசீகம். நம் வைஷ்ணவ வியாக்கியானங்களின் மணிப்பிரவாளத்தில் ஒரு மணிக்கு ஒரு பவளம் என்றால், இதில் ஒரு மணிக்கு மூன்று பவளம்.

ஆனடோலியாவின் குடியானவனுக்கு இந்த நடை புரியாது. அவனும் சும்மா இருக்கவில்லை. இதை வைத்துப் பரிகாசம் செய்தான். நம் தோல்பாவைக் கூத்தைப் போல அங்கே ஒரு நிழல் கூத்து உண்டு. அதில் இரண்டு பேர் முக்கியம்: படித்தவனான ஹாஜிவாத், படிக்காத காராகோஸ். ஹாஜிவாத் அரபும் பாரசீகமும் மணக்க ஒரு வாக்கியம் சொல்லுவான். காராகோஸ் அதைத் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாகக் காதில் வாங்கிக்கொண்டு, கோணலாகப் பதில் சொல்லி, கையையும் ஓங்குவான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் யாருடைய கட்சியில் இருந்து சிரித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்திலும் தொல்லை இருந்தது. துருக்கி பாஷையில் உயிர் ஓசைகள் 8. அரபு எழுத்திலோ உயிருக்கு அடையாளம் மிகச் சில. ஆகையால் 'ஆனார்' என்று பொருள்படும் சொல்லும் 'இறந்தார்' என்று பொருள்படும் சொல்லும் பழைய எழுத்தில் ஒரே வடிவம். முதல் உயிரின் ஓசையில்தான் வித்தியாசம். 'மெஹ்மத் பாஷா ஆனார்' என்று சந்தோஷமாக எழுதி அனுப்பினால், 'மெஹ்மத் பாஷா போனார்' என்று படித்துவிட்டு வீட்டார் அழவும் இடம் உண்டு. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகின நம் புலவர்களுக்கு இது பெரிய விஷயமல்ல. ஆனால் புலவர்கள் மட்டும் வாழ்கிற நாடு உலகத்தில் எங்கே இருக்கிறது? 1927-ல் துருக்கியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான்.

1928-ம் வருஷம் கோடைக்காலத்தில் புதிய எழுத்தை வகுக்க ஒரு குழு போட்டார்கள். பழையதும் புதியதும் சில காலம் கூடவே நடக்கட்டும், மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று குழுவினர் நினைத்தார்கள். 5 வருஷம் என்றார் சிலர். 15 வருஷம் என்றார் சிலர். கமால் பாஷா, மூன்று மாதத்தில் நடந்தால் நடக்கும், இல்லாவிட்டால் ஒருநாளும் நடக்காது என்று சொல்லிவிட்டாராம். குழுவில் இருந்த ஃபாலிஹ் ரிஃப்கி அத்தாய் என்ற எழுத்தாளர் பின்னால் இதை எழுதி வைத்திருக்கிறார். பத்திரிகையில் பழைய எழுத்துக்கு அரைப் பக்கம் விட்டாலும் ஜனங்கள் அந்த அரைப் பக்கத்தைத்தான் படிப்பார்கள் என்பது கமாலின் வாதம். அதில் உலக ஞானம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆகஸ்டு 9-ந் தேதி இரவு, இஸ்தான்புல்லில் கடலோரத் தோட்டம் ஒன்றில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அங்கே வந்த கமால், ஜனங்களின் முன்னிலையில் புதிய எழுத்தைப் பற்றி அறிவித்தார். அப்புறம் ஊர் ஊராகப் போய், கரும்பலகைக்கு முன்னால் சாக்குக் கட்டியோடு நின்று எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தார். நாட்டின் தலைவருக்கு 'தலைமை ஆசிரியர்' என்றும் பட்டம் கிடைத்தது. நவம்பர் 1-ந் தேதி சட்டம் நிறைவேறியது. லத்தீன் எழுத்தை ஒட்டி 29 எழுத்துக்கள். டிசம்பர் 1 முதல் பத்திரிகைகள் எல்லாம் புதிய எழுத்தில். 1929 ஜனவரி 1 முதல் புத்தகங்களும் அப்படியே. பழைய எழுத்தில் அச்சிடுவது குற்றம்.

எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நாற்பது வயது எழுத்தாளன் ஒருவன் நவம்பர் மாதக் கடைசி இரவில் படுக்கப் போகிறான். மறுநாள் காலையில் அவனுடைய வாசகர்களுக்கு அவன் பெயரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அவன் இத்தனை வருஷமாக எழுதிய புத்தகங்கள் கடையில் அப்படியே இருக்கின்றன. ஆனால் இனிப் பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையும் அவற்றைத் திறந்து பார்க்க முடியாது. பத்திரிகைகளின் விற்பனை படுத்துவிட்டது. சர்க்கார் பணம் கொடுத்துத் தாங்கவேண்டி வந்தது.

ஆனால் இன்னொரு மனிதனையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1929 புத்தாண்டு தினத்தில் 'மில்லத் பள்ளிக்கூடங்கள்', அதாவது ஜனங்களின் பள்ளிக்கூடங்கள், நாடெங்கும் திறக்கப்பட்டன. கலப்பை பிடித்தவர்களும் முக்காடு போட்ட பெண்களும் லட்சக்கணக்கில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எழுதுகிறபடியே படிக்கலாம், படிக்கிறபடியே எழுதலாம் என்று அமைந்த எழுத்து சீக்கிரம் பிடிபட்டது. 1935-ல் கணக்கெடுத்தபோது, படித்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்று ஆகியிருந்தது. காராகோஸ் கடைசியில் பத்திரிகை படிக்கத் தொடங்கிவிட்டான். ஹாஜிவாத் இழந்ததை மட்டும் கணக்கில் எழுதி, காராகோஸ் பெற்றதை எழுதாமல் விட்டால் அது நேர்மையான கணக்காகாது.

எழுத்தோடு நின்றிருந்தாலும் ஒரு மாதிரி. 1929-ல் பள்ளிக்கூடங்களில் அரபு, பாரசீகப் பாடங்களையும் எடுத்துவிட்டார்கள். 1932-ல் துருக்கி மொழிக் கழகம் ஏற்பட்டு, சொற்களைக் களையெடுக்கும் வேலை ஆரம்பமாயிற்று. 'மெக்தெப்' என்ற அரபுப் பள்ளிக்கூடம் போய், 'படி' என்ற பொருளுள்ள துருக்கி வேரிலிருந்து 'ஒகுல்' வந்தது. ஆகாய விமானத்துக்கு இருந்த 'தய்யாரே' போய், 'பற' என்ற வேரிலிருந்து 'உச்சாக்' வந்தது. கிராமத்துக் கிழவர்களிடமிருந்தும் பழைய ஏடுகளிலிருந்தும் சொற்களைத் திரட்டினார்கள். கிடைக்காதபோது புதிதாக உண்டாக்கினார்கள். தனித்தமிழ் வாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: நம் ஊரில் புலவர்களும் பத்திரிகைகளும் வருஷக்கணக்காக வாதாடியதை, அங்கே ராஜாங்கம் பின்னால் நின்று தள்ளிற்று.

அதன் பலன் என்ன? 1927 அக்டோபரில் கமால் பாஷா தம் கட்சி மகாநாட்டில் 6 நாள் தொடர்ந்து, மொத்தம் 36 மணி நேரத்துக்கு மேல் பேசினார். சுதந்தரப் போராட்டத்தின் வரலாறு அது. 'நுதுக்' என்று பெயர். 'பேச்சு' என்று அர்த்தம். பழைய எழுத்தில் அச்சாகி, 1934-ல் புதிய எழுத்துக்கு மாறியது. அதுவும் போதவில்லை. 1960-களில், இளைஞர்களுக்குப் புரிய வேண்டும் என்று அதை இன்றைய துருக்கியில் 'மொழிபெயர்த்து' வெளியிட்டார்கள். 'நுதுக்' என்ற தலைப்பே அரபு ஆயிற்றே! அதையும் 'சொய்லேவ்' என்று மாற்றவேண்டியதாயிற்று. பாஷையைப் புதுப்பித்தவரின் பேச்சுக்கே, அவர் பேசி நாற்பது வருஷம் ஆவதற்குள் உரை எழுதினார்கள்! ஆக்ஸ்ஃபோர்டில் துருக்கி மொழியின் முதல் ஆசிரியராக 1950-ல் அமர்ந்த ஜெஃப்ரி லூயிஸ், இந்தச் சீர்திருத்தத்தின் வரலாற்றை 1999-ல் புத்தகமாக எழுதினார். நாசகரமான வெற்றி என்று அதற்கு அவர் பெயர் சூட்டினார். பகைவர் வைத்த பெயரல்ல அது. அந்தப் பாஷையை ஆயுள் முழுதும் நேசித்தவர் வைத்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த சம்பவம்.

ஆட்டோமன் சாம்ராஜ்யம் காகிதத்தைக் காப்பாற்றுவதில் கெட்டிக்கார ராஜ்யம். கிராமத்து வரிக்கணக்கு, படைவீரர் சம்பளம், காஜியின் தீர்ப்பு, குடியானவன் மனு எல்லாவற்றையும் நூற்றாண்டுக் கணக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். இன்று இஸ்தான்புல் ஆவணக் காப்பகத்தில் உள்ள தஸ்தாவேஜுகள் பத்துக் கோடியை ஒட்டி இருக்கும் என்கிறார்கள். 1931-ல், எழுத்து மாறி மூன்றாவது வருஷம், பழைய நிதி இலாகாவின் காகிதங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதாக அதிகாரிகளுக்குத் தோன்றியது. அவற்றைப் பழைய காகிதமாக எடைக்கு எடை பல்கேரியாவிலுள்ள காகித ஆலைக்கு விற்றுவிட்டார்கள். மூட்டை மூட்டையாக ரயிலடிக்கு ஏற்றிக்கொண்டு போனபோது வழி நெடுகத் தாள்கள் தெருவில் சிந்தின. போகிறவர்கள் வருகிறவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

அதைப் பார்த்துத் துடித்தவர்களில் ஒருவர் முஅல்லிம் ஜெவ்தெத். 'முஅல்லிம்' என்றால் வாத்தியார்; அவர் வாத்தியார்தான். தெருவில் சிந்திய தாள்கள் எவை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடிய கண்கள் அவருக்கு இருந்தன. ஒரு தேசத்தின் சரித்திரத்தை எடைக்குப் போடுகிறீர்களே என்று சர்க்காருக்கு முறையிட்டார். பத்திரிகைகளிலும் கூச்சல் எழுந்தது. அதற்குள் வண்டிகள் எல்லை தாண்டிவிட்டன. கொஞ்சம் திரும்பி வந்தது. பெரும் பகுதி, அதன் அருமையை அறிந்த பல்கேரியர்களின் கையில் சிக்கி, சோபியா நகரத் தேசிய நூல்நிலையத்தில் இன்றும் இருக்கிறது. துருக்கியின் பழைய சரித்திரத்தைப் படிக்க இன்று ஒரு மாணவன் இஸ்தான்புல்லோடு நிற்க முடியாது. சோபியாவுக்கும் ரயில் ஏற வேண்டும்.

இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. மிச்சமிருந்ததை ஒழுங்குபடுத்த ஒரு குழு போட்டு, ஜெவ்தெத்தையே தலைமை ஏற்கச் சொன்னார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தஸ்தாவேஜுகளை இனம் பிரித்து அடுக்கினார்கள். வேலை முடிந்தது 1937-ல். வாத்தியார் 1935-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் அந்த வரிசைக்கு இன்றுவரை அவர் பெயர்தான்.

பழையதைத் தெரிந்துகொள்ள ஒரு படிப்பு வேண்டும் என்பதைக் கமாலும் உணராமல் இல்லை. எழுத்து மாறுவதற்கு முன்பே, 1924-ல் இஸ்தான்புல்லில் துருக்கியியல் நிலையம் ஒன்று ஏற்பட்டது. அதை உண்டாக்கிய ஃபுவாத் கொப்ருலுவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்து, பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர். தாமாகவே படித்து, 23-வது வயதில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். துருக்கி இலக்கியத்தில் மேற்படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவரிடம் அடிப்படைப் பட்டம்கூடக் கிடையாது! இதை என் நண்பரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டேன்.

1936 ஜனவரியில் தலைநகரமான அங்காராவில் மொழி, சரித்திரம், பூகோளத்துக்கென்று ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த அறிஞர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. வால்டர் ரூபன் என்ற ஜெர்மானியர் அங்கே சம்ஸ்கிருதமும் இந்தியக் கலைகளும் கற்பித்தார். தன் பாட்டன் எழுத்தைப் படிக்கத் தெரியாத துருக்கிப் பையன் நம் தேவநாகரியைக் கற்றுக்கொண்டான் என்றால் சிரிப்பதா, பெருமைப்படுவதா?

அந்தக் கல்லூரியின் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் ஹலில் இனால்ஜிக். 1916-ல் பிறந்தவர். பழைய எழுத்தில் அரிச்சுவடி தொடங்கி, பன்னிரண்டாவது வயதில் புதிய எழுத்துக்கு மாறிய தலைமுறை. இரண்டு கரையையும் கண்ட கடைசி ஆட்கள் அவர்கள். வரிப் புத்தகங்களையும் காஜி ஏடுகளையும் வரி வரியாகப் படித்து, சுல்தான்களின் யுத்தக் கதையாக இருந்த ஆட்டோமன் சரித்திரத்தைக் குடியானவர், வியாபாரி, நெசவாளி ஆகியோரின் சரித்திரமாகவும் ஆக்கினார். அமெரிக்காவில் சிகாகோவிலும் கற்பித்தார். 2016-ல், நூறு வயதை எட்டிய நிலையில் காலமானார்.

அந்த ஏடுகளைப் படிப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். அச்செழுத்து தெரிந்தவனுக்குக் கையெழுத்து தெரியாது. கடிதத்துக்கு ஒரு பாணி, சுல்தானின் உத்தரவுக்கு ஒரு பாணி. கணக்குக்கு 'சியாகத்' என்ற பாணி; அதில் எழுத்துக்குப் புள்ளியே பெரும்பாலும் கிடையாது, எண்களும் தனி. வெளியார் யாரும் படித்துவிடக்கூடாதென்றே எழுதினார்களோ என்று தோன்றும். பக்கத்தில் ரெட்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் 1890-ல் வெளியிட்ட பெரிய அகராதி இல்லாமல் மாணவனுக்கு இன்றும் காரியம் நடக்காது. ஈஜியன் கடலில் ஜுந்தா என்ற சிறு தீவில், கோடைதோறும் இந்தப் பழைய எழுத்தைப் போதிக்க ஒரு பள்ளி 1990-களிலிருந்து நடந்து வந்திருக்கிறது. அமெரிக்கனும் ஜப்பானியனும் துருக்கியனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே எழுத்தைத் தடவித் தடவிப் படித்தார்கள். துருக்கியனுக்கு அதில் தனிச் சலுகை எதுவும் இல்லை.

கதை எழுதுகிறவன் ஆனதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. துருக்கியின் முதல் நாவல் எது? பள்ளிப் புத்தகங்கள் ஷம்சுத்தீன் சாமி 1872-ல் எழுதியதைச் சொல்லும். ஆனால் அதற்கு 21 வருஷம் முன்னால், 1851-ல், இஸ்தான்புல்லில் 'அகாபியின் கதை' என்று ஒன்று அச்சாகியிருந்தது. எழுதியவர் வர்த்தான் பாஷா என்ற ஆர்மீனியர். பாஷை சுத்தமான பேச்சுத் துருக்கி. எழுத்து மட்டும் ஆர்மீனிய எழுத்து! வீட்டில் துருக்கி பேசிய ஆர்மீனியர்கள் தங்கள் கோயில் எழுத்தில் அதை எழுதினார்கள். நம் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழைப் போல. இரண்டு கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்த காதலர்களின் கதை அது. துருக்கி எழுத்தைப் படித்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஆர்மீனிய எழுத்தைப் படித்தவர்களோ 1915-ன் நாடுகடத்தலிலும் கொலையிலும் அழிந்தார்கள், சிதறினார்கள். ஆந்திரியாஸ் டீட்ஸ என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் அதை இன்றைய எழுத்துக்கு மாற்றி 1991-ல் வெளியிட்ட பிறகுதான் துருக்கி வாசகர்கள் அதைப் பரவலாகப் படித்தார்கள். 140 வருஷம் ஒரு நாவல் தன் சொந்தப் பாஷைக்காரர்களுக்கு எட்டாமல் இருந்தது. அந்த நாவலுக்கு வாசகர்களைத் தேடிக் கொடுத்தது ஒரு மனிதனுடைய மேற்படிப்பு.

2014 டிசம்பரில் துருக்கியில் இந்த விஷயம் மறுபடியும் பெரிய சண்டையாகக் கிளம்பியது. பள்ளிகளில் பழைய துருக்கியைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று ஒரு சிபாரிசு. யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கற்பித்தே தீருவோம் என்றார் ஜனாதிபதி எர்துவான்; மூதாதையரின் கல்லறையில் எழுதியிருப்பதைப் பேரப்பிள்ளைகளால் படிக்க முடியவில்லையே என்று குறைபட்டுக்கொண்டார். எதிர்க்கட்சியார், கடிகாரத்தைப் பின்னால் திருப்பப் பார்க்கிறார்கள் என்றார்கள். ஒரு தரப்பு கட்டாயமாக எடுத்தது. மறு தரப்பு கட்டாயமாகத் திணிக்கப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஒருவன் யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் ஆசையால் ஐந்து வருஷம் உட்கார்ந்து படிக்கிறான் பாருங்கள், அவனால்தான் கல்லறையும் பேசுகிறது, கணக்குப் புத்தகமும் பேசுகிறது. புது எழுத்து ஆற்றின் மேல் கட்டிய பாலம். லட்சம் லட்சமாக ஜனங்கள் அதில் நடந்தார்கள். பாலம் கட்டியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாலம் வந்த அன்றைக்கே ஓடத்தை உடைத்து விறகாக்கினால், பாலம் போகாத துறையில் நின்றவர்கள் நின்றபடியே நிற்பார்கள். ஓடக்காரன் ஒருவனாவது இருக்க வேண்டும்.

மார்கழியில் நண்பர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தனியாக. நான் கொப்ருலுவின் கதையைச் சொன்னேன், சிரித்தார். இஸ்தான்புல் தெருவில் காகிதம் சிந்திய கதையைச் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. வெகு நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தாத்தா எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளை" என்றார் கடைசியில். "ஒரு மரப்பெட்டி நிறைய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எல்லாம் பழைய தமிழ் இலக்கம். மா, காணி, முந்திரி என்று கோடு கோடாக இருக்கும். யாருடைய நிலம், எந்த வருஷம் என்ன விளைந்தது, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதில் இருக்கிறது என்று அப்பா சொல்லுவார். அப்பாவுக்கே பாதிதான் படிக்கத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது."

"இப்போது எங்கே அந்தப் பெட்டி?"

"பெட்டி இருக்கிறது. தேக்கு." சற்றுத் தயங்கினார். "புது வீட்டுக்குக் குடி வந்தபோது, உள்ளே இருந்ததைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டேன். நல்ல கனம். தராசில் இரண்டு தடவை நிறுத்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நானும் குடி மாறியவன்தான்.

நண்பர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்று, "அந்தப் படிப்பு ஐந்து வருஷம்தானே? ஆறு ஆகாதே?" என்று கேட்டார்.

"ஆனால்தான் என்ன?" என்றேன்.

"ஆனால் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.